முப்பத்தைந்து டிகிரிக்கு ஓர் எண்

ஏப்ரல் 7, திங்கள்

“என்கிட்ட கத்தாத வடிவு. எங்கயாவது எழுதி வை” என்று இவர் நேற்றுச் சொன்னார். சரி, எழுதுகிறேன். எண்களுக்கு ஒரு நோட்டு ஏற்கெனவே இருக்கிறது. இது எரிச்சலுக்கு.

இன்று காலை 203. வெள்ளிக்கிழமை 191. வியாழக்கிழமை 219. வர வேண்டியது 176.

நாளைக்கு நானே எடுத்துப் படித்தால் ஒன்றும் புரியாது என்பதால் ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நான் சண்முகவடிவு. வயது நாற்பத்தைந்து. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. எட்டு வருடமாகப் பகுதிநேர ஆராய்ச்சி செய்கிறேன். ஏப்ரல் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து. இரண்டு எக்ஸ்டென்ஷன் வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. ஆய்வேட்டில் எல்லாம் தயார், ஓர் எண்ணைத் தவிர.

விஷயம் சின்னதுதான். ஒரு கண்ணாடிக் குடுவையில் இரண்டு ஸ்பூன் அமோனியம் கார்பமேட். பார்க்கக் கல்லுப்பைப் பொடித்த மாதிரி இருக்கும். பம்பால் காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டுக் குழாயின் திருகை மூடினால், அந்த உப்பு தானாகச் சிதைந்து அமோனியாவும் கார்பன் டை ஆக்சைடுமாக மாறும். அந்த வாயுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரும்ப உப்பாகவும் ஆகும். சிதைவதும் சேர்வதும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டால் அழுத்தம் ஓர் எண்ணில் நின்றுவிடும். வளைந்த குழாயில் இருக்கிற பாதரசம் அந்த எண்ணை மில்லிமீட்டரில் காட்டும். நான்கு வெப்பநிலைகளில் அந்த எண் கிடைத்தால் ஒரு கோடு போடலாம். கோட்டின் சரிவிலிருந்து, உப்பைச் சிதைக்க எவ்வளவு வெப்பம் வேண்டும், சிதைந்த பிறகு ஒழுங்கு எவ்வளவு குலைகிறது என்று கணக்கிடலாம்.

நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது டிகிரி மூன்றும் முடிந்தது. சூடு அதிகம் என்பதால் காலையில் தொடங்கினால் மாலைக்குள் நின்றுவிட்டன. முப்பத்தைந்து மட்டும் மெதுவாக ஏறும், பதினோரு மணி நேரம் வேண்டும். அதனால் ராத்திரி முழுவதும் விட்டுவிட்டு வருகிறேன். மற்ற மூன்று எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் 176 வர வேண்டும். காலையில் போய்ப் பார்த்தால் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டுகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

207.

ஏப்ரல் 9, புதன்

எங்கள் லேப் அட்டெண்டர் சூசைமாணிக்கம் அண்ணாச்சியை எத்தனை தடவை சொல்லித் திருத்துவது? அமோனியாத் திரவ பாட்டிலின் மூடி இன்றும் தளர்ந்து கிடந்தது. அறை முழுக்க நாற்றம், கண்ணெல்லாம் எரிச்சல். அந்த ஒரு பாட்டில் மட்டுமில்லை. அலமாரியில் எதை எடுத்தாலும் மூடி அரைச் சுற்று தளர்ந்திருக்கும்.

“அண்ணாச்சி, மூடியை இறுக்கி மூடுங்கன்னு எத்தனை வாட்டி சொல்லுதேன்?”

“சரி மேடம்” என்றார். பத்தொன்பது வருடமாக அந்தச் ‘சரி மேட’த்தைக் கேட்டு வருகிறேன்.

மாலை ஐந்து மணி ஆனால் போதும், கோயில் பூசாரி மாதிரி ஒரு சுற்று வருவார். கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய், சுவிட்சுகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார். என் குடுவை இருக்கும் மரப்பெட்டியின் மின்இணைப்பை அணைக்கக் கூடாது என்று சொல்லிப் புரிய வைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. பெட்டிக் கண்ணாடியைத் துடைக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு துடைக்கிறார். இடது கண் தெரியாது. என்றைக்காவது கையைத் தட்டிவிட்டு உடைக்கத்தான் போகிறார்.

ஏப்ரல் 11, வெள்ளி

எண் கூடுகிறது என்றால் காற்று உள்ளே போகிறது, வேறு வழியே இல்லை. ஆகவே ஒழுக்கு. நேற்று உப்பே போடாமல் வெறும் குடுவையைப் பம்பால் காலி செய்து, காலை பத்திலிருந்து மாலை நாலரை வரை பாதரசத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இம்மி அசையவில்லை. பிறகு உப்பைப் போட்டு, காலி செய்து, மூடிவிட்டு வந்தேன். இன்று காலை 198.

பகலில் ஒழுகாத குழாய் ராத்திரியில் மட்டும் ஒழுகுகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் சரி.

ஏப்ரல் 12, சனி

மின்வெட்டு, நான்கு மணி நேரம். இவர் மின்வாரியத்தில்தான் வேலை பார்க்கிறார். கேட்டால் “பராமரிப்புப் பணி” என்கிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புமா போட்டேன். அவருக்குப் பிடிக்காது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. பாயசம் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே இவர் கேட்டார், “ஆமா, அந்தக் குடுவைக்குள்ள கடைசியில என்னதான் நடக்கு?”

பரவாயில்லையே என்று உட்கார்ந்து சொன்னேன். சிதைகிற அளவுக்குச் சேரவும் செய்கிறது, அதனால் வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறாத மாதிரி இருக்கும் என்றேன்.

“அப்போ ஒண்ணும் நடக்கலன்னுதான அர்த்தம்.”

“உள்ளுக்குள்ள நிக்காம நடந்துட்டேதான் இருக்கு.”

“உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டுப் பாரேன். சீக்கிரம் முடியும்லா?”

கூடப் போட்டாலும் எண் மாறாது. ஒரு கிலோ போட்டாலும் அதே 176தான். ஒரே ஒரு குருமணி மிஞ்சியிருந்தாலும் அதே 176தான். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதல்ல கேள்வி, மிச்சம் இருக்கிறதா என்பதுதான். இதைச் சொன்னபோது இவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைடு தில்லைநாயகம் சார் முதல் நாளே என்னிடம் கேட்டிருந்தார், எத்தனையோ சேர்மங்கள் இருக்க ஏன் இந்த உப்பு என்று. செய்வது எளிது என்றேன். அது உண்மைதான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று 211.

சுற்றறிக்கை வந்தது. சூசைமாணிக்கம் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறார். மாலை மூன்றரைக்கு ஆசிரியர் அறையில் பாராட்டுக் கூட்டம், ‘வேதியியல் துறை சார்பில் பேரா. சண்முகவடிவு இரு வார்த்தை’. என்னைக் கேட்காமலே போட்டிருக்கிறார்கள். அதே முப்பதாம் தேதிதான் எனக்குக் கடைசி நாள் என்பது யாருக்கும் நினைவில்லை.

பக்கத்து மேசை புளோரன்ஸ், “பாவம், முப்பத்திரண்டு வருஷம் அட்டெண்டராவே இருந்துட்டுப் போறாரு. அந்தக் கண்ணு போன விஷயம் மட்டும் நடக்காம இருந்தா இந்நேரம் ஸ்டோர் கீப்பர் ஆயிருப்பாரு” என்றாள்.

அந்தப் பழைய கதை இப்போது எதற்கு? எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது.

ஏப்ரல் 16, புதன்

195. திருகுக்குப் புதுக் கிரீஸ் வரவழைத்தேன். கடைசி நம்பிக்கை.

ஏப்ரல் 17, வியாழன்

பழைய கிரீஸைத் துடைத்துப் புதியதைப் பூசினேன். இரண்டு மணிக்குக் காலி செய்து மூடினேன். இன்று பெரிய வியாழன் என்று அண்ணாச்சி பன்னிரண்டு மணிக்கே கோயிலுக்குப் போய்விட்டார். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துப் பூட்டச் சொன்னேன். நாளை விடுமுறை. சனிக்கிழமைதான் பார்க்க முடியும்.

ஏப்ரல் 19, சனி

176.

மூன்று தடவை பார்த்தேன். உட்கார்ந்து பார்த்தேன், நின்று பார்த்தேன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். 176. கிரீஸ் செய்த கம்பெனிக்காரன் நன்றாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்து இவருக்குப் பூரி போட்டேன். “கிரீஸுலயா?” என்று கேட்டார். அதற்கும் சிரித்தேன்.

ஓர் அளவு போதாது. கீழிருந்து ஏறி வந்து மூன்று தடவை நிற்க வேண்டும். மேலிருந்து இறங்கி வந்தும் ஒரு தடவை அதே எண்ணில் நிற்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே இடத்தில் நின்றால்தான் அது சமநிலை. இல்லாவிட்டால் வழியில் இளைப்பாறுகிறது என்றும் சொல்லலாம். திங்கட்கிழமை அடுத்தது. நேரம் இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை: 214.

பாதரசத்தைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றேன். அழுகை வந்தது. அண்ணாச்சி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “என்ன மேடம், இன்னைக்கும் கூடிட்டா?” என்று வருத்தமாகக் கேட்டார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் கேட்டார்.

மாலை: நாலே முக்காலுக்குக் கிளம்பியவள், பஸ் நிறுத்தம் வரை போன பிறகுதான் டிபன் கேரியரை லேபில் வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சூசைமாணிக்கம் என் மரப்பெட்டியின் முன்னால் தலையைச் சாய்த்து நிற்கிறார். கை என் திருகின் மேல். புஸ் என்று ஒரு சத்தம். உடனே மூடிவிட்டார்.

“அண்ணாச்சி, என்ன செய்யுதீங்க?”

திடுக்கிடக்கூட இல்லை. “கொஞ்சம் மூச்சு விட்டேன் மேடம்.”

“எத்தனை நாளா?”

“தினமும்தான். முழுசாத் திறந்தா உங்க கணக்கு கெட்டுரும்லா. அதான் கொஞ்சூண்டு.”

கொஞ்சூண்டு. என் எட்டு வருடத்தைக் கொஞ்சூண்டு, கொஞ்சூண்டாகத் திறந்துவிட்டிருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருக்கிற அழுத்தம் வெளிக்காற்றில் கால் பங்குகூட இல்லை, திறந்தால் உள்ளேயிருந்து எதுவும் வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும், அந்தப் ‘புஸ்’ காற்று உள்ளே போகிற சத்தம் என்று கத்தினேன். கேட்டுக்கொண்டு நின்றார்.

“நீங்க சொல்லுதது சரியா இருக்கும் மேடம். ஆனா மூடின சாமானை உள்ள வச்சுட்டு எனக்குக் கதவைப் பூட்ட வராது. அன்னைக்கும் ஒண்ணும் ஆவாதுன்னுதான் எல்லாரும் நெனச்சோம்.”

நான் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

பெரிய வியாழன் அன்று அவர் இல்லை, எண் சரியாக வந்தது. எத்தனை பெரிய முட்டாள் நான். கிரீஸுக்குப் போய்ப் பூரி போட்டேன்.

அந்த விபத்து பற்றி: பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், லேபில் ஒரு பாட்டில் வெடித்துக் கண்ணாடித் துண்டு அவர் இடது கண்ணில் பட்டது. விசாரணை நடந்தது. அட்டெண்டரின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் கைடுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். தில்லைநாயகம் சார் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “அம்மா, மூணு புள்ளி அழகாக் கோட்டுல விழுந்திருக்கு. நாலாவதுக்குத்தான் ஒரு தடவை 176 வந்துட்டே. அதையே மூணு தேதியில எழுதிக்கோங்க. எவன் வந்து பாக்கப் போறான்?” என்றார்.

“என்னால முடியாது சார்.”

“அப்போ முப்பதாம் தேதிக்கு அப்புறம் என்னாலயும் ஒண்ணும் முடியாதும்மா.”

எட்டு வருடத்தில் நான் ஒரு பொய் எண் எழுதியதில்லை. எண்ணில் எழுதியதில்லை.

மத்தியானம் பிரின்சிபாலிடம் போனேன். இன்னும் ஆறு நாளைக்கு லேப் சாவி என்னிடம் இருக்க வேண்டும், அட்டெண்டர் என் கருவியைத் தொடக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள் என்றேன். பிரின்சிபால் அம்மா சூசைமாணிக்கத்தின் பென்ஷன் தாள்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஓய்வு பெறப் போற நேரத்துல இன்னொரு மெமோவா வடிவு? ஏற்கெனவே ஒண்ணு கிடக்கு பாரு” என்று பணிப்பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்கள்.

சிவப்பு மையில்: கவனக்குறைவு. பதவி உயர்வுக்குத் தகுதியில்லை.

அதோடு பின் அடித்து ஒரு தாள். துரு பிடித்த பின். தாளில் ஒரே ஒரு வரி. ‘அன்று காலை ஒன்பது மணிக்கு உலர் அடுப்பை இயக்கியவர் அட்டெண்டர் திரு. சூசைமாணிக்கம்.’ கீழே என் கையெழுத்து. அப்போதெல்லாம் ‘வ’வுக்குப் பெரிய சுழி போடுவேன்.

அதில் ஒரு பொய்கூட இல்லை. கண்ணாடிச் சாமான்களை உலர்த்தும் அந்த மின் அடுப்பைத் தினமும் ஒன்பது மணிக்கு அவர்தான் இயக்குவார். இயக்கினார்.

சாவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

தூக்கம் சரியில்லை. இவர் கேட்டார், தலைவலி என்றேன்.

பத்து மணிக்கு லேபில் அவர் மட்டும் இருந்தார். பியூரெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன்.

“அண்ணாச்சி, அன்னைக்கு அந்த பாட்டில்” என்று ஆரம்பித்தேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

“அந்த பாட்டிலை அடுப்பு மேல வச்சது நான்தான்.”

“தெரியும் மேடம்.”

“மூடியை இறுக்கி, கம்பி சுத்தி, அரக்கு வச்சதும்…”

“அரக்கை ஆபீஸ்ல இருந்து வாங்கியாந்து தந்ததே நான்தான. சிவப்பு அரக்கு. நீங்க மறந்துட்டீங்களா?”

மறந்துதான் போயிருந்தேன். அதை மட்டும் எப்படியோ மறந்திருக்கிறேன்.

“விசாரணையில ஏன் சொல்லல?”

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் துடைத்தார். “ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. நாலு ஆரஞ்சை வச்சுட்டு, ஒண்ணும் பேசாம போனீங்க. சரி, பயந்திருக்காக, சின்ன வயசு, நாளைக்குச் சொல்லுவாகன்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு ஒரு வருஷம் பாத்தேன். அப்புறம் பாக்கல.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்தொன்பது வருடமாக மூடியை இறுக்கச் சொல்லி அந்த மனிதரைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்தான் முதலில் பேசினார். “இது ஏன் மேடம் ராத்திரிதான் நடக்கணும்?”

“பதினோரு மணி நேரம் ஆகும் அண்ணாச்சி.”

“காலைல ஆறு மணிக்கு நான் வந்து திறந்து தாரேன். சாயங்காலம் அஞ்சுக்கு ஆயிரும்லா? நீங்க எண்ணை எழுதிக்கிடுங்க. நான் திறந்து விட்டுட்டுப் பூட்டிட்டுப் போறேன்.”

எட்டு வருடம். ஒரு கைடு, இரண்டு மதிப்பீட்டுக் குழு, மின்வாரியத்தில் ஒரு புருஷன். ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. ஆறிலிருந்து ஐந்து வரை பதினோரு மணி நேரம் என்று எண்ணத் தெரியாத பேராசிரியை நான். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் பத்து மணிக்கு வருவதுதான் உலக நியதி என்று நினைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

ஐந்தே முக்காலுக்குப் போனால் அண்ணாச்சி எனக்கு முன்னால் வந்து கதவைத் திறந்து வைத்திருக்கிறார். வீட்டில் இவரே காபி போட்டுக்கொண்டாராம், சர்க்கரை டப்பாவைத் தேடி ஏழு தடவை போன் செய்தார். பகல் முழுக்க குடுவைக்கு முன்னால் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டூலில். நாலே முக்காலுக்கு 176.

“நீங்களும் ஒரு வாட்டி பாருங்க அண்ணாச்சி” என்றேன். தலையைச் சாய்த்து, பாதரச மட்டத்துக்கு நேராகக் குனிந்தார்.

“நூத்தி எழுவத்தாறு. நீங்கள்லாம் ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கணும். எனக்கு அந்த வேலை மிச்சம்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

கடிதம் எழுதினேன். நான்கு தடவை கிழித்தேன். முதல் மூன்றிலும் ‘அனுபவமின்மை காரணமாக’ என்று இருந்தது. அது யாருக்காக எழுதிய வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 28, திங்கள்

மாலை 175. இரண்டு பேரும் பார்த்தோம்.

அதற்கு முன்னால், அண்ணாச்சியைக் குடுவைக்குக் காவல் வைத்துவிட்டுப் பிரின்சிபாலிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள். “உனக்கு என்ன வந்துச்சு வடிவு? நாளைக்கழிச்சு தீஸிஸ் குடுக்கப் போற. அடுத்த வருஷம் நீதான் துறைத்தலைவி. இது ஆட்சிக்குழுவுக்குப் போனா உம்மேல விசாரணை வரும். முப்பது கழியட்டும், பேசிக்கலாம்” என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்கள்.

“முப்பதாம் தேதி கழிஞ்சா அவரு இங்க இருக்கமாட்டாரும்மா.”

“அதுக்குத்தான் சொல்லுதேன்.”

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று மேலிருந்து. காலை ஐந்தரைக்கே போய், பெட்டியை நாற்பத்தைந்துக்கு ஏற்றி, பாதரசம் 210ஐத் தாண்டியதும் முப்பத்தைந்துக்கு இறக்கினேன். அதன் பிறகு அது பாட்டுக்கு மெல்ல இறங்கியது. 200, 191, 184. மதியம் முழுக்க 179இல் அடம் பிடித்தது. நகம் ஒன்றும் மிச்சமில்லை. ஐந்து மணிக்கு 177.

கீழிருந்து 176, 176, 175. மேலிருந்து 177. வந்துவிட்டது. இவரிடம் போனில் சொன்னேன். “அப்போ நாளைக்குக் காபி நீதான போடுவ?” என்றார்.

எண் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தக் கடிதம் இழுப்பறைக்குள்ளேயே கிடக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

காலை முழுக்கப் பிரிண்ட், பைண்டிங். மதியம் இரண்டே காலுக்குப் பல்கலைக்கழகத்தில் ஐந்து பிரதிகளையும் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த ஆள் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை, சீல் குத்தி ரசீதைத் தள்ளினார். பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வரும்போது மூன்று இருபது.

ஆசிரியர் அறையில் நாற்காலிகள், கேசரி, மிக்சர், பிளாஸ்கில் டீ. சூசைமாணிக்கம் வெள்ளைச் சட்டையில் முன்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் மனைவி. பிரின்சிபால் பொன்னாடை போர்த்தினார்கள். பொறுமையானவர், நேரம் தவறாதவர் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கடிதத்தின் கடைசி வரைவு என் பையில்தான் இருந்தது, திருத்தங்களோடு. அதை எடுத்து வாசித்தேன்.

‘பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் வெடித்த பாட்டிலில் இருந்தது நான் தயாரித்த அமோனியம் கார்பமேட். சூடுபட்டால் வாயுவாகும் பொருள் அது என்று எனக்குத் தெரியும். அதன் நாற்றம் வெளியே வரக் கூடாது என்று மூடியைக் கம்பியால் கட்டி அரக்கு வைத்தவள் நான். அதை உலர் அடுப்பின் மேல் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனவளும் நான். மறுநாள் காலை திரு. சூசைமாணிக்கம் தன் வேலையைத்தான் செய்தார். விசாரணையில் நான் எழுதிக் கொடுத்த வரி உண்மை. எழுதாமல் விட்டதும் உண்மை. அவருடைய பதிவேட்டில் இருக்கும் சிவப்பு மை என்னுடைய பதிவேட்டில் இருக்க வேண்டியது.’

புளோரன்ஸ் தரையைப் பார்த்தாள். பிரின்சிபால் முகத்தை நான் பார்க்கவில்லை. சூசைமாணிக்கத்தின் மனைவி மட்டும் என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

பிரின்சிபால் எழுந்தார்கள். “இது கூட்டக் குறிப்புல ஏறும்” என்றார்கள், கொஞ்சம் கோபமாக. “நாளைக்கே ஆட்சிக்குழுவுக்கு அனுப்புதேன். இனி இழுப்பறையில வைக்க முடியாதுல்லா.”

சூசைமாணிக்கத்தை ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று துண்டை இப்படியும் அப்படியும் மடித்தார். “எல்லாருக்கும் டீ ஆறிப்போச்சு. குடிங்க” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணிக்குக் கடைசிச் சுற்று. நானும் கூடப் போனேன். கேஸ், தண்ணீர், சுவிட்சுகள். காலையில் அவரே என் குடுவையைக் காலி செய்து மூடி வைத்திருந்தார், துறைக்குக் காட்டலாம் என்று. யாரும் வந்து பார்க்கவில்லை. பாதரசம் எண்ணில் நின்றிருந்தது.

“திறக்கட்டுமா மேடம்?”

“திறங்க. ஆனா முதல்ல அந்த வாயில விரலை வையுங்க.”

கட்டைவிரலைக் குழாய் வாயில் வைத்துவிட்டு மறு கையால் திருகைத் திறந்தார். விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

“உள்ள இழுக்குது.”

“ஆமா அண்ணாச்சி.”

“அன்னைக்கு மட்டும் வெளிய தள்ளிட்டோ?”

“சூடு அண்ணாச்சி. அடுப்பு மேலயே எண்பது டிகிரி இருந்திருக்கும். உள்ள அழுத்தம் கூடிக்கிட்டே போகும். போறதுக்கு வழி இல்ல. நான் வழி வைக்கல.”

அவர் விரலை எடுத்தார். காற்று நீளமாக உள்ளே போனது. அது நிற்கும் வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சாவியை என் கையில் கொடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, அலமாரியைத் திறந்து, அமோனியா பாட்டிலின் மூடியை அரைச் சுற்று தளர்த்தினார். என்னைப் பார்த்தார். போய்விட்டார்.

நான் பூட்டிவிட்டு வந்தேன். மூடியை இறுக்கவில்லை. நாளைக்கு அறை முழுக்க நாறும். நாறட்டும்.